பழைய ஆம்னிக்குப் பிளக்கும் வயரும்: உப்புக்காற்றில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு

மண்டபம், பாம்பன், ஏர்வாடிப் பக்கம் புதிதாகத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் நிறையப் பேர் செகண்ட் ஹேண்ட் மாருதி ஆம்னி வேன் ஒன்றை வாங்கி, பின் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஐஸ் பெட்டி ஏற்றத் தொடங்குகிறார்கள். ஆம்னி 2019-ஓடு நின்றுபோன வண்டி. இன்று ஓடுகிற ஒவ்வொன்றும் பழசுதான். வாங்கிய வருஷமே வாடைக்காற்று இறங்கியதும் ஒருநாள் விடியற்காலையில் வண்டி மிஸ் அடிக்கும், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் இடறும். பக்கத்தில் நிற்கிற நாலு பேரும் "பிளக் போயிருக்கும், மாத்திருங்க" என்பார்கள். மாற்றுவீர்கள். ரெண்டு வாரம் ஓடும். அப்புறம் மறுபடியும் அதே கதை.

பதினோரு வருஷம் பாம்பனிலிருந்து ராமநாதபுரத்துக்கு நண்டும் கணவாயும் ஏற்றியவன் நான். என் அனுபவத்தில் நம் கடற்கரையில் பொறி கொடுக்கிற பிளக்கைவிட, அதற்குக் கரண்ட் கொண்டுபோகிற வயர்தான் முதலில் சாகிறது. ஆனால் கடைக்குப் போனால் பிளக்குக்கு இருக்கிற மரியாதை வயருக்குக் கிடைப்பதில்லை. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். பழைய பெட்ரோல் ஜீப், மாருதி 800 வைத்திருக்கிறவர்களுக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும்.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் வண்டி பெட்ரோலா, டீசலா? டீசல் ஏஸ், 407, பொலேரோ பிக்கப் வைத்திருக்கிறவர்கள்கூட என்னிடம் வந்து "எந்தப் பிளக் நல்லது" என்று கேட்டிருக்கிறார்கள். டீசல் இஞ்சினில் தீப்பொறிப் பிளக்கே கிடையாது. காற்றை அழுத்துகிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். சில டீசல் வண்டிகளில் இருக்கிற குளோ பிளக் ஸ்டார்ட் செய்வதற்கான சூடேற்றி. அது வேறு சாமான், வேறு கதை.

என்ன நோய் என்று பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் வண்டி எப்போது மிஸ் அடிக்கிறது என்று நாலு நாள் கவனியுங்கள். நேரத்தை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம்.

காலை அஞ்சு மணிக்கு ஸ்டார்ட் ஆகாமல் அழுது, வெயில் ஏறி ஒன்பது மணிக்கு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடினால், அது ஈரத்தால் வருகிற கரண்ட் லீக். வயரிலோ, அதன் முனையில் பிளக்மேல் மாட்டுகிற தொப்பியிலோ, டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துக் கரண்ட்டைப் பிரித்துவிடுகிற சாமான்) மூடியிலோ இருக்கும். சமதரையில் நன்றாக ஓடி, லோடோடு பாம்பன் பாலத்தின் ஏற்றத்தில் மட்டும் இடறினால், பிளக் கேப் (பொறி தாண்டுகிற இடைவெளி) அகன்றிருக்கலாம், அல்லது வயருக்குள் கரி நூல் அறுந்திருக்கலாம். லோடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடக்கூடப் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்ட் வேண்டும். அந்த வோல்ட்டைத் தாங்க முடியாத இடத்தில் கரண்ட் வெளியே ஓடிவிடும். எல்லா நேரத்திலும் ஒரே மாதிரி மிஸ் அடித்தால் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதுதான் வழி. கேஸ் கிட் போட்ட வண்டி பெட்ரோலில் ஒழுங்காகவும் கேஸில் இடறியும் ஓடினால் நேராக வயரைச் சந்தேகப்படுங்கள். கேஸ் பற்றிக்கொள்ள பெட்ரோலைவிட அதிக வோல்ட் கேட்கும். அதனால் வயரின் பலவீனம் கேஸில்தான் முதலில் தெரியும்.

பழைய பிளக்கைக் கழற்றியதும் துடைத்துவிடாதீர்கள். அதன் மூக்கு உங்கள் இஞ்சினைப் பற்றிச் சொல்லும். வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் நலம். காய்ந்த கருப்புக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, இல்லையென்றால் பொறி வீக். எண்ணெய் வழிந்து பளபளவென்று ஈரக் கருப்பாக இருந்தால் இஞ்சின் ஆயில் அடிக்கிறது. ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கும், எத்தனை பிளக் மாற்றினாலும் அது தீராது. வெள்ளையாகக் கொப்புளித்திருந்தால் சூடு மிஞ்சுகிறது: பெட்ரோல் குறைவு, டைமிங் தவறு, அல்லது சூட்டு எண் (கீழே சொல்கிறேன்) தவறான பிளக். கழற்றிய மூன்றையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக ஒரு பலகையில் வையுங்கள். ஒன்று மட்டும் மற்ற இரண்டிலிருந்து மாறித் தெரிந்தால் அந்த சிலிண்டரில்தான் கோளாறு.

பிளக்கில் எழுதியிருப்பதைப் படிப்பது

கடையில் "ஆம்னிக்கு ஒரு செட் பிளக்" என்று மட்டும் கேட்காதீர்கள். கார்புரேட்டர் ஆம்னி, எம்.பி.எஃப்.ஐ. ஆம்னி (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் தெளிக்கிற வகை), கேஸ் ஆம்னி எல்லாமே ஆம்னிதான். வண்டியோடு வந்த கையேடு இருந்தால் அதில் இருக்கிற எண்தான் வேதவாக்கு. பழைய வண்டிகளில் கையேடு இருக்காது. அப்படியானால் உள்ளே இருந்த பிளக்கையே கொண்டுபோங்கள். ஆனால் முந்தைய ஓனர் தப்பான பிளக் போட்டிருக்கவும் கூடும். கடைக்காரரிடம் பிளக் கம்பெனி கேட்லாக் இருக்கும். அதில் உங்கள் மாடலையும் வருஷத்தையும் காட்டிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

எண்ணைப் படிக்கத் தெரிந்தால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. என்.ஜி.கே. கம்பெனிப் பிளக் ஒன்றில் பி.பி.ஆர்.6.இ.எஸ். (BPR6ES) என்று இருக்கிறது என்று வையுங்கள் (இது எடுத்துக்காட்டுதான், உங்கள் வண்டியின் எண் வேறாக இருக்கலாம்). முதல் 'பி' மரையின் விட்டம், 14 மில்லிமீட்டர். இரண்டாவது 'பி', மூக்கு சற்று நீண்டு வெளியே துருத்தியிருக்கும் வகை. 'ஆர்' என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு. '6' சூட்டு எண். 'இ' மரையின் நீளம், 19 மில்லிமீட்டர். கடைசி 'எஸ்' நடுக்கம்பி சாதாரணச் செம்பு வகை. பின்னால் '11' என்று இருந்தால் கேப் 1.1 மில்லிமீட்டருக்கு வைத்துத் தந்திருக்கிறார்கள் என்று பொருள்.

இதில் மரை நீளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விடக்கூடாது. 12.7 மில்லிமீட்டர் வர வேண்டிய இடத்தில் 19 போட்டால் பிளக் மூக்கு உள்ளே நீண்டு பிஸ்டனிலோ வால்விலோ இடிக்கலாம். நீளம் வர வேண்டிய இடத்தில் குட்டைப் பிளக் போட்டால் மீதி மரையில் கரி பிடித்துக்கொள்ளும். பிறகு சரியான பிளக் ஏறவே ஏறாது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, மரை தொடங்குகிற இடத்திலிருந்து முடிகிற இடம்வரை கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுங்கள்.

அடுத்தது சூட்டு எண். பிளக்கின் மூக்கு ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேல் சூடானால்தான் தன்மேல் படிகிற கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850 டிகிரியைத் தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே அந்தச் சூட்டில் பெட்ரோல் பற்றிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் இஞ்சினை வைத்திருப்பதுதான் சூட்டு எண்ணின் வேலை. இங்கேதான் கடைகளில் தப்பு நடக்கிறது. என்.ஜி.கே.யிலும் டென்சோவிலும் எண் கூடக்கூடப் பிளக் 'குளிர்ச்சி', அதாவது மூக்கின் சூட்டைச் சீக்கிரம் இறக்கிவிடும். பாஷில் அப்படியே தலைகீழ்: எண் கூடக்கூடச் 'சூடு'. என்.ஜி.கே. 6 என்பது ஏறத்தாழ பாஷ் 7, டென்சோ 20. என்.ஜி.கே. 5 என்பது பாஷ் 8, டென்சோ 16. "அதே நம்பர்தான் அண்ணே, கம்பெனிதான் வேற" என்று யாராவது எடுத்துக் கொடுத்தால் நம்பாதீர்கள். வயதான மெக்கானிக்குகள் இன்னமும் "மைக்கோ பிளக்" என்று சொல்வது பாஷைத்தான். மைக்கோ கம்பெனிதான் 2008-ல் பாஷ் என்று பேர் மாறியது.

ரெசிஸ்டர் உள்ள பிளக் கேட்கிற வண்டிக்கு அதையே போடுங்கள். அது இல்லாவிட்டால் ரேடியோவில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கரகரப்பு ஏறும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியாக இருந்தால் கம்ப்யூட்டரும் குழம்பும்.

இரிடியம் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நல்ல பிளக்தான், நெடுநாள் வரும். ஆனால் ஆயில் அடிக்கிற பழைய இஞ்சினில் இரிடியமும் ஒரே மழையில் கரி அடைத்துக்கொள்ளும். அதன் ஆயுள் உங்களுக்குக் கிடைக்காது. சாதாரணச் செம்புப் பிளக் போட்டு, 15,000 முதல் 20,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுங்கள். மிச்சமாகிற காசை வயரில் போடுங்கள்.

டூப்ளிகேட் நிறைய வருகிறது. நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். மூன்றில் ஒன்று ஒரே மாதத்தில் பீங்கானும் இரும்பும் சேரும் இடத்தில் ஆட்டம் கண்டுவிட்டது. பீங்கானில் இருக்கிற எழுத்தைக் கட்டை விரலால் அழுத்தித் தேயுங்கள். அழியக்கூடாது. மரையின் மேலே இருக்கிற வாஷரைத் திருகி எடுக்கப் பாருங்கள். நல்ல பிளக்கில் அது லேசில் கழன்று விழாது. பக்கக் கம்பி நடுக் கம்பிக்கு நேராக நிற்கிறதா என்று தலைக்கு மேல் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள்.

வயர்தான் இங்கே பெரிய விஷயம்

ஒரு மார்கழி மாசம். விடியக்காலம் நாலரை மணி இருக்கும். ஐந்து பெட்டி நண்டு. பாம்பன் பாலத்து ஏற்றத்தில் பாதி ஏறியதும் வண்டி உலுக்கி உலுக்கி நின்றுவிட்டது. அந்த மாசத்திலேயே இரண்டாவது செட் பிளக் அது. பின்னால் லாரி ஹாரன், இரண்டு பக்கமும் கடல், பெட்டிக்குள் ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது. இன்னொரு வண்டி கட்டி இழுத்துத்தான் அக்கரை சேர்ந்தேன். லோடு பாதி விலைக்குத்தான் போனது.

அன்று சாயங்காலம் கீழக்கரையிலிருக்கிற தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டியை விட்டேன். அந்த ஊர் வழக்கப்படி அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பிளக்கைத் தொடவேயில்லை. "இருட்டட்டும் தம்பி" என்று டீ வாங்கிக் கொடுத்தார். இருட்டியதும் ஷெட் விளக்கை அணைத்துவிட்டு, முன் சீட்டைத் தூக்கி இஞ்சினை ஓட விட்டார். பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரே பாட்டிலால் வயர்மேல் லேசாக ஒரு புகை மாதிரி அடித்தார். இரண்டாவது சிலிண்டர் வயரின் மேல் நீலமாக ஒரு புழு ஊர்ந்தது. டிக் டிக்கென்று சத்தம். தொப்பியின் ஓரத்திலிருந்து இஞ்சின் இரும்புக்கு மெல்லிய மின்னல் தாவியது. "இந்தா பாரு உன் பொறி. உள்ளே போக வேண்டியது வெளியவே செலவாகுது. பிளக்கைக் குத்தம் சொல்லாத."

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். கடல்காற்றில் வருகிற உப்பு பகலில் வயர்மேல் காய்ந்த தூளாகக் கிடக்கும். அப்போது ஒன்றும் செய்யாது. இரவில் அது காற்றின் ஈரத்தை இழுத்து மெல்லிய உப்புநீர்ப் படலமாக மாறும். உப்புநீரில் கரண்ட் ஓடும். பிளக்குக்குப் போவது ஆயிரக்கணக்கான வோல்ட். எங்கே சுலபமான வழியோ அங்கே அது பாயும். ரப்பரில் நகக்கீறல் அளவு வெடிப்பு இருந்தால் போதும். இதற்கு மேல் நம் தொழிலிலேயே இன்னொரு வினை இருக்கிறது. ஆம்னியின் இஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். பெட்டியிலிருந்து கசிகிற மீன்தண்ணீர் பிரேக் அடிக்கும்போதெல்லாம் தரைவழியே முன்னால் ஓடி, மூடியின் இடுக்கில் சொட்டும். அது உப்பும் மீன்சாறும் கலந்த தண்ணீர். என் வயரைக் கழற்றிப் பார்த்தபோது பித்தளை முனை பச்சைக் களிம்பு பிடித்து, தொட்டால் உதிர்ந்தது.

அந்த இருட்டுச் சோதனையை நீங்களும் செய்யலாம். காற்றோட்டமான இடத்தில், பெட்ரோல் கசிவு எங்கும் இல்லை என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். தண்ணீரைப் பனிபோல்தான் அடிக்க வேண்டும், ஊற்றக்கூடாது. இஞ்சின் ஓடும்போது வயரைக் கையால் தொடவே தொடாதீர்கள்.

பகலில் மீட்டர் வைத்தும் பார்க்கலாம். வயரை இரண்டு பக்கமும் கழற்றி, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு முனையையும் தொடுங்கள். கரி நூல் வயருக்கு மீட்டர் நீளத்துக்கு 10 முதல் 22 கிலோ ஓம் வரை வரலாம். அரை மீட்டர் வயர் என்றால் அதில் பாதி. மீட்டரைப் பார்த்துக்கொண்டே வயரை வளைத்து ஆட்டுங்கள். எண் துள்ளினாலோ, எங்கோ உயரப் போய்விட்டாலோ, உள்ளே நூல் அறுந்திருக்கிறது. செம்புக் கம்பி வயர் என்றால் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். அதில் ரெசிஸ்டர் தொப்பிக்குள் இருக்கும். ஒன்று கெட்டிருந்தாலும் முழு செட்டாக மாற்றுங்கள், எல்லாம் ஒரே உப்பைத் தின்றவைதான்.

வாங்கும்போது சிலிக்கான் ரப்பர் வயராகக் கேளுங்கள். இஞ்சின் சூட்டில் அது பிளாஸ்டிக் உறைபோல் விறைத்து வெடிக்காது. தொப்பியை விரலால் அழுக்கிப் பாருங்கள், மெத்தென்று வளைந்து திரும்ப வேண்டும். வயர் தொப்பிக்குள் நுழைகிற கழுத்தில் இடைவெளி இருக்கக்கூடாது. உப்பு நுழைகிற வாசல் அதுதான். வயர் தடிமனாக இருந்தால் பவர் கூடும் என்று சிலர் விற்பார்கள். நல்ல உறைக்காகக் காசு கொடுங்கள், பருமனுக்காக வேண்டாம். நீளம் பழைய வயருக்குச் சரியாக இருக்க வேண்டும். ஒரு ஜாண் நீண்டால்கூடத் தொங்கிப்போய் சைலன்சர் குழாயில் பட்டு உருகும்.

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டியென்றால் அதன் மூடியையும் உள்ளே சுற்றுகிற ரோட்டரையும் கூடவே மாற்றிவிடுங்கள். பழைய மூடியைக் கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே பென்சிலால் கிழித்ததுபோல் மெல்லிய கோடு தெரியலாம். கரண்ட் ஓடி ஓடிப் போட்ட பாதை அது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

மாற்றும் வேலை

இஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் அலுமினிய ஹெட்டிலிருந்து பிளக்கைத் திருகினால் மரையும் கூடவே வந்துவிடும். தொப்பியைப் பிடித்து லேசாகத் திருகி இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கழற்றி, அதை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். வயர் வரிசை மாறினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, அப்படியே ஸ்டார்ட் ஆனாலும் படபடவென்று வெடிச் சத்தம்தான் வரும்.

பிளக்கைக் கழற்றுவதற்கு முன் சைக்கிள் பம்பால் அந்தக் குழியை நன்றாக ஊதிவிடுங்கள். தனுஷ்கோடி ரோட்டில் ஓடுகிற வண்டியில் பிளக்கைச் சுற்றி மணல் இருக்கும். ஒரு சிட்டிகை சிலிண்டருக்குள் விழுந்தாலும் சுவரில் கீறல் போட்டுவிடும்.

புதுப் பிளக்கின் கேப்பை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) பாருங்கள். கேப் எவ்வளவு என்று கையேடு சொல்லும். பொதுவாகக் கான்டாக்ட் பாயிண்ட் (பொறிக்காகக் கரண்ட்டை வெட்டிவிடுகிற சின்ன சுவிட்ச்) உள்ள பழைய வண்டிகளுக்கு 0.7, 0.8 மில்லிமீட்டர், எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு 1 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். வளைக்க வேண்டுமானால் பக்கக் கம்பியை மட்டும் வளையுங்கள். நடுக் கம்பியை நெம்பினால் பீங்கான் மூக்கு வெடிக்கும். கைதவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்த பிளக்கைப் போடாதீர்கள். உள்வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது.

ஏற்றும்போது ஸ்பேனரை எடுக்காதீர்கள். ஒரு சாண் பெட்ரோல் டியூபைப் பிளக்கின் தலையில் மாட்டி, டியூபைத் திருகியே மரையில் ஏற்றுங்கள். மரை சரியாகப் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகும். தப்பாகப் பிடித்தால் டியூப் தானே சுற்றி நழுவிவிடும், மரைக்கு ஒன்றும் ஆகாது. ஸ்பேனரால் பலவந்தமாக ஏற்றி மரையைக் கெடுத்தால் ஹெட்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். கையால் முட்டும்வரை ஏற்றியபின், வாஷர் உள்ள புதுப் பிளக்கை அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக ஸ்பேனரால் முறுக்குங்கள். அதே பிளக்கைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றே போதும், வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். மரையில் கிரீஸ் தடவ வேண்டாம். வழுக்கலில் எவ்வளவு முறுக்குகிறோம் என்று தெரியாமல் போய்விடும்.

கிரீஸ் வேண்டியது தொப்பிக்குள். மின்சார வேலைக்கென்று விற்கிற சிலிக்கான் கிரீஸை ஒரு மிளகளவு எடுத்துத் தொப்பியின் உள்சுவரில் சுற்றித் தடவி, பிளக்கில் 'டப்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். ஈரமும் உப்பும் உள்ளே போகிற வழி அடைபடும். சாதாரண வீல் கிரீஸ் போடக்கூடாது, ரப்பரை ஊதவைத்துவிடும்.

பிறகு

நம் பக்கம் 'வாட்டர் சர்வீஸ்' முடிந்ததும் துருவுக்கு மருந்தென்று அடிப்பாகமெல்லாம் டீசல் அடித்துவிடுவார்கள். இஞ்சின் பக்கம் அடிக்க விடாதீர்கள், வயர் ரப்பர் ஊறிப்போகும். பிரஷர் தண்ணீரையும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் காட்ட விடாதீர்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வயர்களையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றிவிட்டால் போதும். ஐஸ் பெட்டிக்கு அடியில் ஒரு தகர டிரே வைத்து, அதிலிருந்து டியூப் ஒன்றைப் பின்கதவு வழியே வெளியே விடுங்கள். என் வண்டியில் இந்த டியூப் போட்ட பிறகு ஒரு செட் வயர் மூன்று வாடைக்காலம் வந்தது.

இந்த வேலைக்கெல்லாம் ஏற்ற சமயம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வருகிற மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாத அந்த 61 நாளும் லோடு குறைவு. அப்போது முடியாவிட்டால் புரட்டாசி முடிவதற்குள்ளாவது முடித்துவிடுங்கள், ஐப்பசி மழையில் நின்றுகொண்டு பிளக் கழற்றுகிற பாடு வேண்டாம். தடைக்காலத்தில் வண்டியைச் சும்மா போட்டுவைக்காமல் வாரம் ஒருநாள் இஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி வாருங்கள்.

கழற்றிய பழைய வயர்களில் மீட்டரில் தேறியது ஏதாவது இருந்தால் அதில் நீளமான ஒன்றை எடுத்து வையுங்கள். நீளமானது எந்த சிலிண்டருக்கும் எட்டும். அதோடு கேப் வைத்த ஒரு புதுப் பிளக், பிளக் ஸ்பேனர், அந்த ஒரு சாண் டியூப், ஒரு காய்ந்த துணி. எல்லாவற்றையும் பாலிதீன் பையில் போட்டு, காற்றுப் புகாமல் கட்டி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். மண்டபம் தாண்டிப் பாலத்தில் ஏறுவதற்கு முன் அந்தப் பை இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்ப்பது இன்றைக்கும் எனக்குப் பழக்கம்.